திரும்பி வராத வண்டி

போன வாரம் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போஸ்டர் வந்தது. குழந்தைகளுக்கான மையம் ஒன்று புதிதாகத் திறக்கிறார்களாம். வண்ணப் பந்துகள் நிறைந்த தொட்டி, அதற்குள் பல் தெரியச் சிரிக்கும் நாலு குழந்தைகள், மேலே 'விளையாடிக்கொண்டே மனக்காயம் ஆறட்டும்' என்று ஒரு வாசகம். குழுவில் பாதிப் பேர் இதயம் போட்டார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. ப்ளே தெரபியில், அதாவது விளையாட்டு வழியாகக் குழந்தையின் மனக்காயத்தை ஆற்றும் சிகிச்சையில், எனக்கு நம்பிக்கை உண்டு. என் தம்பி மகள் அதில்தான் மீண்டாள், கூட உட்கார்ந்து பார்த்தவள் நான். அந்தச் சிரிப்புதான் உறுத்தியது. நான் பார்த்த விளையாட்டில் மாதக்கணக்கில் சிரிப்பே கிடையாது. (பாப்பாவின் அம்மா இதைப் படித்துவிட்டு "போடுங்க மதினி" என்று சொன்ன பிறகுதான் வெளியிடுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை, மதுரை. அந்த மாதம் எப்படி இருந்தது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தம்பி சட்டையை மாற்றிக்கொண்டு, சார்ஜரை மறக்காமல் எடுத்துக்கொண்டு, தானே நடந்துபோய் ஆம்புலன்ஸில் ஏறினான். வாசலில் நின்ற மகளிடம் "ரெண்டு நாள்ல வந்துர்றேன் பாப்பா, அம்மாவப் படுத்தாம இரு" என்றான். கதவைச் சாத்தியவர் தலை முதல் கால் வரை கவச உடையில் இருந்தார், முகம் தெரியவில்லை. ராத்திரியானால் வீடியோ காலில் வந்து "சாப்ட்டியா?" என்று கேட்பான். அப்புறம் கால் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தத்தனேரி மயானத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உடல் வீட்டுக்கு வரவில்லை. பந்தல் இல்லை, கொட்டு இல்லை, எழவு கேட்க வர ஆளில்லை. அஞ்சு வயதுக் குழந்தையிடம் "அப்பா சாமிகிட்ட போயிட்டாங்க" என்றோம். அவள் அழவில்லை. "புள்ளைக்கு வெவரம் தெரியல" என்று போனில் துக்கம் கேட்டவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

கொஞ்ச நாளில் ஒரு விளையாட்டு ஆரம்பித்தது. என் மகனின் பழைய ஜாமெட்ரி பாக்ஸுக்குள் துணி கிளிப் ஒன்றைப் படுக்க வைப்பாள். மூடியை 'டக்'கென்று அழுத்துவாள். தரையோடு தள்ளிக்கொண்டே போய் பீரோவுக்கு அடியில் விட்டுவிடுவாள். சைரன் சத்தம் கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. குத்தவைத்து உட்கார்ந்து பீரோவின் அடியையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு ஸ்கேலை விட்டு இழுத்து எடுத்து, கிளிப்பை வெளியே எடுத்து, மறுபடி முதலிலிருந்து. எங்கள் அம்மாவால் தாங்க முடியவில்லை. "வெளக்கு வைக்கிற நேரத்துல என்னடி வெளாட்டு இது, வீட்டுக்கு ஆகுமா?" என்று பிடுங்கி பீரோ மேல் வைத்துவிட்டார். மறுநாள் அதே விளையாட்டு சோப்பு டப்பாவில் நடந்தது.

வீட்டில் இரண்டு கட்சியானது. அம்மா, பெரியம்மா எல்லாம் ஒரு கட்சி: சாவு விளையாட்டு ஆகாது, தடுக்கணும், நல்லதா நாலு பொம்மை வாங்கிக் கொடுத்து மனசை மாத்தணும். படித்தவர்கள் இன்னொரு கட்சி: குழந்தை தன் துக்கத்தை விளையாட்டில் இறக்கி வைக்கிறது, விட்டுவிடுங்கள், தானே வடிந்துவிடும். இரண்டாவது கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாதங்கள் போயின, ஒன்றும் வடியவில்லை. ராத்திரியில் படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். ஆன்லைன் வகுப்பில் கேமராவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுவாள். கிளிப், மூடி, பீரோ. அதில் துளி மாற்றமில்லை.

பாதி விளையாட்டு

குழந்தைகளின் விளையாட்டைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டின் பேரன் வந்துவிடுவான். ஒன்றரை வயது. அம்மா வெளியே போனால் அழாத பிள்ளை. நூல் கட்டிய மரக்கட்டை ஒன்றைத் திரை போட்ட தன் தொட்டிலுக்குள் வீசுவான், கட்டை மறையும், 'போச்சு' என்பான். நூலைப் பிடித்து இழுப்பான், கட்டை வரும், 'இதோ' என்று குதூகலிப்பான். அம்மா போவதும் வருவதும் அவன் கையில் இல்லை. கட்டை போவதும் வருவதும் அவன் கையில். 1920-ல் ஃப்ராய்ட் எழுதியது இது, விளையாட்டில் குழந்தை தன்னை மீட்டுக்கொள்கிறது என்பதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம். அதே இடத்தில் ஒரு அடிக்குறிப்பும் இருக்கிறது, அதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. அந்தப் பையனுக்கு ஆறு வயது நிறையும் முன்பே அவன் அம்மா இறந்துபோனாள். ஃப்ராய்டின் மகள் ஸோஃபி, 1920 ஜனவரியில், முதல் உலகப் போரையொட்டிப் பரவிய அந்த இன்ஃப்ளூயன்சா காலத்தில், அதே காய்ச்சலில். பையனிடம் துக்கத்தின் அடையாளம் எதுவும் தெரியவில்லை என்று தாத்தா குறித்து வைத்திருக்கிறார். நூறு வருடம் தள்ளி அதே வயது, இன்னொரு கொள்ளைநோய், அதே 'புள்ளைக்கு வெவரம் தெரியல'. ஃப்ராய்டே ஆனாலும் தாத்தா தாத்தாதான்!

பாப்பாவின் விளையாட்டில் 'போச்சு' மட்டும் இருந்தது, 'இதோ' இல்லை. இந்த வித்தியாசம் வெறும் ஏட்டுக் கல்வி சம்பந்தப்பட்டதோ என்று நினைத்துவிட வேண்டாம், நடைமுறையில் எல்லாம் இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. 1976 ஜூலையில் கலிஃபோர்னியாவின் சௌச்சில்லா என்ற சிற்றூரில் பள்ளிப் பேருந்தோடு 26 குழந்தைகளைக் கடத்தினார்கள். ஒரு கல்குவாரியில் மண்ணுக்கு அடியில் புதைத்து வைத்திருந்த வண்டிக்குள் அவர்களையும் டிரைவரையும் அடைத்தார்கள். சுமார் 16 மணி நேரம் கழித்து அவர்களே வழி உண்டாக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். யாரும் சாகவில்லை. ஊர் நிம்மதி அடைந்தது, பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள் என்று நினைத்தது. லெனோர் டெர் என்ற மனநல மருத்துவர் அந்தக் குழந்தைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார். அவர்கள் விளையாடினார்கள், கடத்தலையே விளையாடினார்கள், திரும்பத் திரும்ப. அந்த விளையாட்டில் சந்தோஷம் இல்லை, கதை நகரவில்லை, முடிவு மாறவில்லை, ஆடி முடித்த பிறகு பயம் குறையவும் இல்லை. சில குழந்தைகளுக்குக் கூடவே செய்தது. அதிர்ச்சிக்குப் பின் வரும் இந்த விளையாட்டைச் சாதாரண விளையாட்டிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அவர் எழுதினார். எங்கள் வீட்டுப் படித்தவர்கள் கட்சிக்கு இதில் பதில் இருந்தது. விட்டுவிட்டால் வடியும் விளையாட்டும் உண்டு, விட்டுவிட்டால் செக்குமாடு போல அதே தடத்தில் சுற்றும் விளையாட்டும் உண்டு.

மூலை நாற்காலி

நாங்கள் போனது மதுரையிலேயே, ஒரு மருத்துவ உளவியலாளரிடம். முப்பது சொச்சம் வயதுப் பெண், விளையாட்டு சிகிச்சையில் தனியாகப் பயிற்சி எடுத்தவர். அறை சின்னது. ஒரு தட்டில் மணல், இன்னொன்றில் தண்ணீர், குடும்பப் பொம்மைகள், முதலை, டாக்டர் செட், களிமண், குத்துவதற்கு ஒரு காற்றடைத்த பை, கயிறு, மரக்கட்டைகள். பேட்டரியில் ஓடுவதோ பாட்டுப் பாடுவதோ ஒன்றுகூட இல்லை. பெற்றோர் வெளியேதான் இருக்க வேண்டும். பாப்பா என் முந்தானையை விடவில்லை என்பதால் மூலையில் ஒரு நாற்காலி போட்டுத் தந்தார். ஒரே நிபந்தனை, நான் வாயைத் திறக்கக் கூடாது.

வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததில் நிறையக் கவனிக்க முடிந்தது. அவர் கேள்வி கேட்கவே மாட்டார். 'இது என்ன?', 'ஏன் இப்படிச் செய்யற?' எதுவும் கிடையாது. பாராட்டவும் மாட்டார். நாம் 'சூப்பர், அழகா வரைஞ்சிருக்கியே' என்று சொல்லும் இடத்தில் "முழுப் பேப்பருக்கும் கறுப்பு அடிச்சுட்ட" என்று பார்த்ததைச் சொல்வார், அவ்வளவுதான். எந்தப் பொருளுக்கும் பாப்பா பெயர் வைக்கும்வரை அவர் பெயர் வைக்க மாட்டார். மரக்கட்டையை அவள் காதில் வைத்தால் அது போன், தரையில் தள்ளினால் வண்டி, அதுவரை அது 'அது'தான். ஒரு நாள் திடீரென்று மணலை அள்ளி அவர் முகத்துக்கு நேராக ஓங்கினாள். எனக்கு 'ஏய்' என்று தொண்டை வரை வந்துவிட்டது. அவர் குரலை உயர்த்தவில்லை. "மணல என் மேல எறியணும்போல கோவமா இருக்கு. நான் எறியறதுக்கு இல்ல. அந்தத் தலகாணி மேல எறியலாம்" என்றார். பாப்பா கொஞ்ச நேரம் யோசித்தாள். தலையணைதான் வாங்கிக் கட்டிக்கொண்டது.

இதற்கெல்லாம் வேர், வர்ஜீனியா ஆக்ஸ்லைன் என்ற அமெரிக்கர் 1947-ல் வகுத்த எட்டு அடிப்படைகள். குழந்தையை இருக்கிறபடி ஏற்றுக்கொள், அதன் உணர்ச்சியைக் கண்டுகொண்டு திருப்பிச் சொல், வழி நடத்தாதே, குழந்தை முன்னே போகட்டும் நீ பின்னே போ, அவசரப்படுத்தாதே, மிகத் தேவையான எல்லையை மட்டும் போடு. படிக்கச் சுலபம். கடைப்பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

பாப்பா அங்கேயும் வண்டி விளையாட்டைத்தான் விளையாடினாள். தைலப் பெட்டி மாதிரி ஒரு தகர டப்பா கிடைத்தது, கிளிப்புக்குப் பதில் ஒரு குச்சி. மூடி, தள்ளல், பொம்மை அலமாரிக்கு அடியில். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து "மூடியாச்சு... போகுது... உள்ள போயிருச்சு, இப்பத் தெரியல" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டு வருவார். வாரங்கள் இப்படியே போயின. காசு கொடுத்து வேடிக்கை பார்க்கிறோமோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

ஒரு நாள் அவர் இடம் மாறி உட்கார்ந்தார். பாப்பாவின் பக்கத்தில் உட்காராமல் அலமாரியின் அந்தப் பக்கம் போய், வண்டி நுழைந்தால் முட்டி நிற்கும் இடத்தில். டப்பா உள்ளே போயிற்று. "என் பக்கம் வந்திருச்சு வண்டி" என்றார். பாப்பா அசையவில்லை. "நான் தெறக்கவா, வேணாமா? நீதான் சொல்லணும்."

ரொம்ப நேரம் பதில் இல்லை. பிறகு, "தெறக்கக் கூடாது. கொரோனா வந்துரும்."

அந்த விளையாட்டுக்குள்ளிருந்து அவள் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை அது. நானாக இருந்தால் 'இல்லடா கண்ணா, ஒண்ணும் வராது' என்றிருப்பேன். எந்த வீட்டிலும் அதைத்தான் சொல்வோம். அவர், "தெறந்தா நமக்கும் வந்துரும்னு பயமா இருக்கு" என்றார். பாப்பா தலையாட்டினாள். அப்புறம் எழுந்துபோய் டாக்டர் செட்டிலிருந்து மாஸ்க்கை எடுத்துவந்து அவரிடம் நீட்டினாள். தனக்கும் ஒன்று வேண்டும் என்றாள். இரண்டு பேரும் போட்டுக்கொண்டார்கள். "இப்பத் தெறங்க மிஸ்." மூடி திறந்தது. குச்சியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். குனிந்து அதன் காதருகே, இருக்கிற இடத்தைக் காதென்று வைத்துக்கொண்டு, "சாப்ட்டியா?" என்று கேட்டாள்.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

வழி நடத்தக் கூடாது என்று சொன்னீர்களே, நீங்களே உள்ளே புகுந்துவிட்டீர்களே என்று பிறகு அவரிடம் கேட்டேன். கதையை நான் மாற்றவில்லை, மாற்றும் இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன், திறப்பதா வேண்டாமா என்பதை அவள்தான் முடிவு செய்தாள் என்றார். மாறாமல் சுற்றும் விளையாட்டைக் காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது பொறுமை ஆகாது என்றும் சொன்னார். இந்தத் துறைக்குள்ளேயே இதில் சண்டை உண்டு. ஆக்ஸ்லைன் வழியில் கறாராகப் போகிறவர்கள் அவர் செய்ததை ஒப்பமாட்டார்கள். டெர் மாதிரியானவர்கள் இன்னும் முன்பே தலையிட்டிருப்பார்கள். எனக்கு அவர் பார்த்த நேரம் சரியென்றே தோன்றுகிறது. அந்த வாரங்களில் அவர் சும்மா இருந்ததாக நான் நினைத்தது, பாப்பா அவரை நம்புவதற்கு எடுத்துக்கொண்ட காலம்.

அம்மாவும் எழவு வீடும்

அதற்கப்புறம் நேர்கோட்டில் எதுவும் நடக்கவில்லை. அடுத்த சில வாரங்கள் பாப்பா இன்னும் மோசமாக அடம்பிடித்தாள், அவள் அம்மாவை அடித்தாள், படுக்கை நனைவது கூடியது. இது வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், இல்லாவிட்டால் நிறுத்தியிருப்போம். பிறகு ஒரு நாள் குச்சியை மணலில் புதைத்தாள். தெர்மோகோல் உருண்டைகளைப் பொரி மாதிரி வழிநெடுக இறைத்தாள். "மிஸ், நீங்க அழுங்க. சத்தமா." அத்தைக்கும் வேலை வந்தது, டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டு அடிக்கச் சொன்னாள். வாய் திறக்கக் கூடாதென்றுதானே நிபந்தனை, அடித்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது திட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். "பூவும் போட்டாளா?" என்று கேட்டார். எங்கள் அம்மா தம்பியைக் கடைசியாக ஒருமுறை பார்க்கவில்லை, எண்ணெய் வைக்கவில்லை, வாய்க்கரிசி போடவில்லை. பதினாறாம் நாள் காரியத்தை நாலு பேரை வைத்து வாசலுக்குத் தெரியாமல் முடித்தோம். சாவு விளையாட்டு ஆகாது என்று அவர் பிடுங்கி வைத்ததில் மூடநம்பிக்கை மட்டும் இருந்ததாக இப்போது எனக்குத் தோன்றவில்லை. மூடி திறக்காத அந்த டப்பாவை அவராலும் பார்க்க முடிந்திருக்காது. நம் சாவுச் சடங்குகளில் எத்தனையோ குறை சொல்லலாம், நானே சொல்வேன். ஆனால் ஒவ்வொருவர் கைக்கும் அதில் ஒரு வேலை இருக்கிறது, அதற்கு ஒரு கடைசி நாளும் இருக்கிறது. 2021-ல் அதைப் பறிகொடுத்தது பெரியவர்கள்தான் என்று பேசிக்கொண்டிருந்தோம். குழந்தைகளும்தான் பறிகொடுத்தார்கள்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்றை வைத்து இது எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்லிவிட முடியாது. 2005-ல் விளையாட்டு சிகிச்சை பற்றிய 93 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசியபோது பலன் 0.80 என்ற அளவில் வந்தது, புள்ளியியல் வழக்கில் இது பெரிய பலன். 2015-ல் குழந்தையை மையமாக வைத்த முறையை மட்டும் எடுத்துக்கொண்டு 52 ஆய்வுகளை அலசியபோது 0.47, அதாவது மிதமான பலன். நடந்ததை வாயால் சொல்லத் தெரிந்த பெரிய பிள்ளைகளுக்கு, அதிர்ச்சியை மையமாக வைத்துப் பேசும் சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை) முறைக்குச் சான்று இன்னும் திடமாக இருக்கிறது. விளம்பரங்களில் இதெல்லாம் வராது. எனக்கு அந்த 2005 அலசலில் முக்கியமாகப் பட்டது வேறு: பெற்றோருக்கே இந்த முறையைச் சொல்லிக்கொடுத்து, அவர்கள் கையால் நடந்தபோது பலன் கூடுதலாக இருந்தது. பெர்னார்ட் கர்னி, லூயிஸ் கர்னி என்ற தம்பதி 1960-களில் அமெரிக்காவில் ஆரம்பித்து வைத்தது அது. வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம், அதற்கென்று தனியாக வைத்த பொம்மைகள், குழந்தை முன்னே, பெரியவர் பின்னே.

பாப்பாவின் அம்மா அதைக் கற்றுக்கொண்டாள். ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்றில் களிமண், டாக்டர் செட், கயிறு, சில பொம்மைகள். அந்த அரைமணிக்கு மட்டும்தான் பை கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வரும், போன் வேறு அறைக்குப் போய்விடும். முதல் தடவையே "இது என்ன கலர் சொல்லு பாப்போம்?" என்று வாயில் வந்துவிட்டது அவளுக்கு. நம்மால் ஒரு குழந்தையின் பக்கத்தில் பரீட்சை வைக்காமல் உட்கார முடிவதில்லை. கலர் என்ன, எத்தனை இருக்கு, ஆன்ட்டிக்கு ரைம்ஸ் சொல்லிக் காட்டு. இதை நிறுத்துவதுதான் அவளுக்குப் பெரிய பயிற்சியாக இருந்தது. புருஷனை இழந்து, வேலைக்கும் போய்க்கொண்டு, வாரம் அரைமணி பிள்ளை சொன்னபடி ஆடுவது சாதாரண விஷயமா?

இப்படி ஓர் அறையும் ஒரு சிகிச்சையாளரும் எல்லாப் பிள்ளைக்கும் அமையாது. இலங்கையின் மட்டக்களப்பில் போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1996-ல், வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். இயேசு சபைப் பாதிரியார் பால் சற்குணநாயகமும் கனடாவைச் சேர்ந்த ஓவியர் பால் ஹோகனும் அதில் முன்னின்றவர்கள். வன்முறையில் அடிபட்ட தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் குழந்தைகளை அழைத்துவந்து ஒரு தோட்டத்தில் களிமண், சாயம், கதை, கூத்து என்று கூட இருந்தார்கள். கூட இருந்தவர்களில் பெரும்பாலோர் உள்ளூர் இளைஞர்கள். பட்டம் பெற்றவர்கள் இல்லாமலேயே இந்த வேலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி அது. கடுமையாக அடிபட்ட பிள்ளைக்கு அது மட்டும் போதுமா என்றால், போதாது என்றே நினைக்கிறேன்.

பாப்பா இப்போது வண்டி விளையாடுவதில்லை. அப்பாவைப் பற்றிக் கேட்கிறாள், சிலநேரம் சங்கடமான கேள்விகள், அவள் அம்மா உள்ளதைச் சொல்கிறாள். மே மாதம் வந்தால் இன்னும் ஒரு வாரம் முகம் சுண்டிப்போய்த்தான் திரிகிறாள். நாங்களும் அப்படித்தான்.

குழுவில் இதயம் போட்டவர்களில் ஒருவர், தன் பேரனை அங்கே சேர்க்கலாமா என்று எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்பியிருக்கிறார். பையனின் பெற்றோர் பிரிந்துவிட்டார்கள், பள்ளியில் பேச்சே இல்லையாம். நேரில் போய்ப் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள் என்று எழுதினேன். பிள்ளையோடு அறையில் இருக்கப்போவது யார், என்ன படித்தவர், மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் (ஆர்.சி.ஐ.) பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். பிள்ளை ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடினால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள், அதற்கு யோசித்துப் பதில் சொல்கிறார்களா பாருங்கள். வீட்டிலிருக்கும் நீங்கள் என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் கேளுங்கள். 'விட்டுட்டுப் போங்க, ஒரு மணி நேரம் கழிச்சு வந்து கூட்டிக்குங்க' என்பது மட்டும்தான் பதில் என்றால், நானாக இருந்தால் பணம் கட்ட மாட்டேன்.